சுண்டுவிரலுக்கு ஏழு சதவீதம்

கட்டைவிரல் போனால் 30. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7. எலும்பு தப்பி நுனி மட்டும் வெட்டுப்பட்டு, அது சுண்டுவிரலாகவும் இருந்தால் 2. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923-இன் முதல் அட்டவணை ஒரு தொழிலாளியின் கையை இப்படித்தான் கணக்கிடுகிறது. ஒவ்வோர் எண்ணும், அந்தக் காயத்தால் அவர் இழக்கும் சம்பாதிக்கும் திறனின் சதவீதம். 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் விடைபெற்றது. அட்டவணை விடைபெறவில்லை. புதிய தொகுப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இந்த அட்டவணை நியாயமானதா? எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் நிறுத்தி இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். கையை இயந்திரத்துக்கு இவ்வளவு அருகில் கொண்டுபோகும் தொழில்கள் அதிகம் இல்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தால் அது தூரத்துத் தொழிலும் அல்ல. காவிரி எங்களைக் கடந்து போய்ச் சேரும் கடைமடையில், நரிமணம், குத்தாலம், திருவாரூர் வட்டாரங்களில் ஓ.என்.ஜி.சி.யின் கிணறுகள் இருக்கின்றன. கிணற்று வாயில் பொருத்தும் தலைப்பகுதியையும், அதன் மேல் அடுக்கப்படும், எண்ணெய் வயல்காரர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்று அழைக்கும் வால்வுத் தொகுதியையும் திருச்சி பெல் ஆலை செய்து தருகிறது. அந்த ஆலையை நம்பி வளர்ந்த துவாக்குடிப் பட்டறைகளில் பிரஸ், வெல்டிங், லேத் என்று ஆயிரக்கணக்கான கைகள் வேலை செய்கின்றன. டெல்டாவில் எண்ணெய், எரிவாயு பற்றிய நம் பொது விவாதம் 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எழுந்த போராட்டங்கள் முதல் 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வரை நிலத்தையும் நீரையும் பற்றியே நடந்தது. அது நடக்க வேண்டிய விவாதம்தான். ஆனால் அந்த ரிக்கின் மேடையில் நிற்பவனின் கை எந்தத் தரப்பின் பேச்சிலும் வரவில்லை.

முதலில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்ப்போம். துளைக்குள் இறங்கும் ஒவ்வொரு குழாயும் ஏறத்தாழ 9 மீட்டர் நீளம். மூன்றைச் சேர்த்து 27 மீட்டர் கட்டாக டெரிக் கோபுரத்தில் நிறுத்துவார்கள். துளையிடும் முனை தேய்ந்துவிட்டால் அத்தனை குழாயையும் வெளியே எடுத்து, முனையை மாற்றி, மறுபடி இறக்க வேண்டும். கிணறு 3,000 மீட்டர் ஆழம் என்றால், வெளியே எடுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளைக் கழற்ற வேண்டும்; உள்ளே விட அதே எண்ணிக்கையைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் வரிசை ஒன்றுதான். ஆப்பு போன்ற ஸ்லிப்பைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, குழாயைச் சுற்றி இறக்க வேண்டும். டாங் எனப்படும் பெரிய குறடுகள் இரண்டைக் கொண்டுவந்து மூட்டில் கவ்வ வைக்க வேண்டும். அவை இழுபட்டு மூட்டு தளர்ந்ததும், தொங்கும் குழாயைக் கையால் அணைத்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். இறக்கும்போது, மேலிருந்து வரும் குழாயின் நுனியைக் கீழே இருப்பதன் வாய்க்குள் வழிகாட்டி நுழைக்க வேண்டும். ஒவ்வோர் அசைவிலும் கை இரண்டு இரும்புக்கு நடுவே ஒரு கணம் போய்வருகிறது. சேறு வழுக்கும். இரவு ஷிப்டில் கண் சொக்கும். ஸ்லிப்பின் கைப்பிடிக்கும் மேடைக்கும் இடையில் சிக்குவது பெரும்பாலும் விரல். டாங் எதிர்பாராமல் திரும்பினால் மணிக்கட்டு.

பழைய ரிக்குகளில் இன்னும் மோசமான ஒன்று இருந்தது. குழாயைச் சுழற்றிப் பூட்ட, அதன் மேல் ஒரு சங்கிலியைக் கையால் வீசிச் சுற்றுவார்கள். இயந்திரம் சங்கிலியை இழுக்கும். வீசிய கை அரை நொடி தாமதித்தால் விரல்கள் சங்கிலியோடு போய்விடும். அந்தச் சங்கிலியின் இடத்தைக் காற்றழுத்தத்தில் இயங்கும் சுழற்று குறடுகள் பிடித்தன. 1970-களில், டாங்கையும் சுழற்றலையும் ஒன்றாகச் செய்யும் தானியங்கி இயந்திரங்கள் அமெரிக்காவில் வந்தன. இருந்தும், சர்வதேசத் துளையிடும் ஒப்பந்ததாரர்கள் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் காயக் கணக்கில் விரலும் கையும் முன்வரிசையிலேயே நிற்கின்றன. கருவி கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டு ஆகிறது. அது எல்லா மேடைகளுக்கும் வந்து சேராததற்கு அறியாமை காரணமல்ல, கணக்குதான். அந்தக் கணக்கில் விரலின் விலையும் ஒரு வரி. அதனால்தான் அட்டவணையை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அட்டவணையின் நன்மையை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. இந்தச் சட்டம் வருவதற்கு முன், அடிபட்டவர் முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். விரல் போன மனிதனிடம் அதற்குப் பணமும் இருக்காது, சாட்சியும் இருக்காது. வேலையின்போது, வேலையினால் நேர்ந்த விபத்து என்றாலே போதும் என்று 1923-இன் சட்டம் சொன்னது. இவ்வளவு போனால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்தது. பேரம் பேசத் தெரியாதவனுக்கு அந்த எழுத்து ஒரு காப்பு. முதலில் எழுதிய எண்கள் இன்னும் கஞ்சத்தனமானவை: கட்டைவிரலுக்கு 25, ஆட்காட்டி விரலுக்கு 10, மற்ற எந்த விரலுக்கும் 5. வலது கைக்கு ஒரு விலை, இடது கைக்குக் குறைந்த விலை. 1962-இன் திருத்தம் அதை மாற்றி, வலது இடது பேதத்தை நீக்கி, கணுக்கணுவாகப் பிரித்து எழுதியது. டாங்கைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் இந்த மாற்றம் சரியானதே.

வெளிநாட்டோடு ஒப்பிட்டாலும் நம் சதவீதங்கள் வெட்கப்படும்படி இல்லை. அமெரிக்காவில் துறைமுகத் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் 1953 முதல் கடலடி எண்ணெய்த் தளங்களில் வேலை செய்வோருக்கும் நீட்டப்பட்டிருக்கிறது. அது வாரக் கணக்கில் பேசுகிறது: ஒரு கைக்கு 244 வாரம், கட்டைவிரலுக்கு 75, ஆட்காட்டிக்கு 46, நடுவிரலுக்கு 30, மோதிர விரலுக்கு 25, சுண்டுவிரலுக்கு 15, வாரத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே கட்டைவிரல் என்பது கையின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இங்கே கைக்கு 60, கட்டைவிரலுக்கு 30, அதாவது சரிபாதி. சுண்டுவிரல் அங்கே கையில் பதினாறில் ஒரு பங்கு, இங்கே ஒன்பதில் ஒரு பங்கு. ஆக, இந்தியச் சட்டம் விரலை மலிவாக எடைபோடுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கோளாறு அட்டவணையின் கூட்டல் கணக்கிலேயே தெரிகிறது. ஆட்காட்டியும் நடுவிரலும் தனித்தனியே 14-ம் 12-ம், கூட்டினால் 26. ஆனால் ‘ஒரு கையின் இரண்டு விரல்கள்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. அதன் எண் 20. மோதிர விரலும் சுண்டுவிரலும் போனால் கூட்டுத்தொகை 14. அதே வரிப்படி 20. மூன்று விரல்களுக்கு 30 என்கிறார்கள். ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களைக் கூட்டினால் 33. நான்கு விரல்களுக்கு 50, கூட்டினால் 40. ஒரே விபத்தில் பல காயங்கள் என்றால் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆட்காட்டியையும் நடுவிரலையும் இழந்தவர் 26 கேட்கலாமா, 20-இல் நிற்க வேண்டுமா? இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க முடிந்தவருக்கு ஒன்று, முடியாதவருக்கு மற்றொன்று என்று முடிகிற இடம் இது. அறுபது ஆண்டுகளாக இருக்கும் முரணை, சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் திருத்தாமல் எடுத்து வைத்தது அலட்சியம்.

அதைவிட ஆழமான கேள்வி, விரலுக்குத் தொழில் தெரியாதா என்பது. ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் இராப்பத்து நாட்களில் வீணை ஏகாந்தம் நடக்கும். வீணையில் வலது கை ஆட்காட்டியும் நடுவிரலும் மீட்ட, பக்கத் தாளத் தந்திகளைச் சுண்டுவிரல்தான் தொடுகிறது. அந்த விரல் போன வைணிகருக்கு 7 சதவீதம் என்று யாராவது சொன்னால் சபையே எழுந்துவிடும். ரிக் மேடையில் நிற்பவருக்கும் அந்த விரல் அப்படிப்பட்டதே. கனமான ஒன்றை இறுக்கிப் பிடிக்கும்போது கைப்பிடியின் வலு பெரும்பாலும் மோதிர விரலிலிருந்தும் சுண்டுவிரலிலிருந்தும் வருகிறது. ஆட்காட்டியும் கட்டைவிரலும் நுணுக்க வேலைக்காரர்கள். கை அறுவை மருத்துவர்கள் நன்கு அறிந்த சேதி இது. அட்டவணையோ பேனா பிடிக்கும் கையை மனதில் வைத்து எழுதியதுபோல ஆட்காட்டியை உயர்த்தி, பளு தூக்கும் விரல்களைக் கடைசியில் வைத்திருக்கிறது. அந்த இரண்டு விரலும் இல்லாதவரை டாங் அருகில் நிறுத்த எந்த மேற்பார்வையாளரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. அவர் இழந்தது 20 சதவீதமா?

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு 1975 டிசம்பரிலேயே ஒரு பதில் தந்திருக்கிறது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், அடிபட்டவர் ஒரு தச்சர். இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அட்டவணைப்படி இது பகுதி ஊனம்தான் என்பது முதலாளியின் வாதம். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்று இழப்பீட்டு ஆணையர் தீர்த்ததை நீதிமன்றம் உறுதிசெய்தது. தொழிலைப் பார், பிறகு ஊனத்தை அள என்பதே அதன் சாரம். அட்டவணையை உச்சவரம்பாக வாசிக்காமல் தரைமட்டமாக வாசிக்கும் வழி அன்றே திறந்துவிட்டது. ஆனால் கையை இழந்த தச்சருக்குத் திறந்த கதவு, விரலை இழந்த கூலிக்கு அத்தனை எளிதில் திறப்பதில்லை. அவருக்கு வேறு வேலை கிடைக்கும் என்பதே எதிர்த்தரப்பின் நிரந்தர வாதம். என்ன வேலை, என்ன சம்பளம் என்று அந்த வாதம் சொல்வதில்லை.

இனி பணம். முழு ஊனத்துக்கான தொகை என்பது மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ற காரணி ஒன்றால் பெருக்கி வருவது. 30 வயதுக்குக் காரணி 207.98. மாதம் 30,000 ரூபாய் வாங்கும் 30 வயது ரிக் தொழிலாளி ஆட்காட்டி விரலை இழந்தால் 5,24,110 ரூபாய் வர வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். சட்டம் அப்படிப் போடாது. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என 2020 ஜனவரியில் ஓர் அறிவிக்கை வரம்பு வைத்தது. அதனால் கிடைப்பது 2,62,055. அதற்கு முன் 2010 முதல் பத்தாண்டு அந்த வரம்பு 8,000-ஆகவே நின்றது. விலைவாசியோடு ஏறாத வரம்பு ஆண்டுதோறும் விரலின் விலையைச் சத்தமின்றிக் குறைக்கிறது. அட்டவணையின் எந்தச் சதவீதத்தையும்விட இந்த ஓர் எண் செய்யும் அநீதி பெரிது என்பது என் முடிவு. நாடாளுமன்றம்கூட வேண்டாம், ஓர் அறிவிக்கையாலேயே நீக்கிவிடக்கூடிய அநீதி.

அடுத்தது ஒரு விதிவிலக்கு. தொழிலாளி பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்டிவிட்டால், இழப்பீடு தர வேண்டியதில்லை. மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் இந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. விரலுக்கு உண்டு. செத்தால் கேட்கக்கூடாத கேள்வியை விரல் போனவரிடம் கேட்கலாமாம். சாதனம் ஏன் கழன்றிருக்கிறது என்பது பட்டறையில் நின்ற எவருக்கும் தெரியும்: அது இருந்தால் வேலை மெதுவாகும், மெதுவானால் மேலிருந்து குரல் வரும். அதைக் கழற்றும்படி யாரும் எழுத்தில் உத்தரவு தருவதில்லை.

காப்பாற்றப்பட்ட விரலின் கதை இன்னும் வருத்தமானது. இந்த மாநிலத்தில் கை அறுவைக்கு ஒரு பெருமையான மரபு உண்டு. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்திய பால் பிராண்டின் வேலூர், ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனித்துறை வளர்த்த சென்னை ஸ்டான்லி, எஸ். ராஜசபாபதியின் கோவை கங்கா மருத்துவமனை என்று அது நீள்கிறது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோனால் ஒட்டவைக்க வாய்ப்பு இருக்கிறது. விரலை நேரடியாகப் பனிக்கட்டியில் போடக்கூடாது. திசு உறைந்து கெட்டுவிடும். ஒட்டிய விரல் பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் பாதிதான் மடங்கலாம், குளிரில் வலிக்கலாம், தொடு உணர்வு மங்கலாம். முழுவதும் பயனற்றுப் போனால் அதை இழந்ததாகவே கொள்ளலாம் என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. பாதி பயன்பட்டால் அதற்கு வரி கிடையாது. மருத்துவரின் மதிப்பீட்டை நம்பிப் போராட வேண்டும். ஆட்காட்டியை வெட்டி எறிந்தால் 14 உறுதி, காப்பாற்றினால் நிச்சயமில்லை என்று ஏழைக்குச் சொல்லும் சட்டம் மருத்துவத்தோடு மோதுகிறது. ஹைட்ராலிக் குழாயின் ஊசித்துளைக் கசிவு வழியே எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தால், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். உடனே அறுவை செய்யாவிட்டால் விரலோ கையோ அழுகிவிடும். அந்தக் காயத்தின் பெயரே அட்டவணையில் இல்லை.

இங்கேதான் துவாக்குடி ஒப்பீடு உதவுகிறது. அங்கே 15,000 ரூபாய் வாங்கும் 25 வயதுக்காரரின் கட்டைவிரலைப் பிரஸ் நசுக்கினால், அவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர். வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். பிறகு 30 சதவீத இழப்புக்கு மாதம் 4,050 ரூபாய், ஆயுள் முழுவதும். அதே வயது, அதே சம்பளம், அதே விரல், ஆனால் நரிமணம் பக்கத்து ரிக்கில் ஒப்பந்தக் கூலி. எண்ணெய்க் கிணறு சட்டப்படி சுரங்கம். சுரங்கம் பழைய இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு வெளியே. அவருக்குப் படுத்திருக்கும் நாட்களில் பாதிச் சம்பளம், முடிவில் ஒரே தவணையாக 5,85,657 ரூபாய். தொகை பெரிதாகத் தெரியும். கடனும் கல்யாணமும் அதை இரண்டு ஆண்டில் கரைத்துவிடும். மாதாந்தரப் பணம் 13-ஆம் ஆண்டிலேயே அதைத் தாண்டி, 60 வயதிலும் வந்துகொண்டிருக்கும். கட்டைவிரல் ஒன்றுதான், அது எந்தக் கூரையின் கீழ் போனது என்பதை வைத்து வாழ்நாள் மாறுகிறது. இதற்கு ஒரு நியாயமும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிணறு என்றால் எண்ணெய்க் கிணறு மட்டுமல்ல. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி இந்தியா முழுவதும் போகும் போர்வெல் வண்டிகளிலும் ராடு மாற்றுவது கைதான். அந்த ஆட்களுக்குச் சுரங்கச் சட்டமும் கிடையாது, குழு சிறியது என்பதால் இ.எஸ்.ஐ.யும் கிடையாது. ஊர் ஊராக ஓடும் வண்டியில் அடிபட்டவர் எந்த மாவட்டத்து ஆணையரிடம் போய் நிற்பார்?

கையுறையைப் பற்றிச் சிலர் கேட்கலாம். தரமான கையுறை சிராய்ப்பையும் லேசான அடியையும் தடுக்கும். பல நூறு கிலோ இரும்புக்கு நடுவே சிக்கிய விரலைத் தடுக்காது. சுழலும் பாகத்தில் மாட்டினால் கையை உள்ளே இழுக்கவும் செய்யும். கையுறையும் சுவரொட்டியும் முதலாளிக்கு மலிவு, அதனால் முதலில் வருகின்றன. கையை அந்த இடத்திலிருந்தே விலக்கும் இயந்திரமும், குழாயைத் தள்ள நீண்ட பிடியுள்ள கருவியும் விலை கூடியவை, அதனால் கடைசியில் வருகின்றன. விரலின் விலை 2,62,055 என்று இருக்கும்வரை இந்த வரிசை மாறாது.

ஆகவே என் தீர்ப்பு இது. அட்டவணையைத் தூக்கி எறியக் கூடாது. எளியவனுக்கு அது ஒன்றுதான் பேரமில்லாத உறுதி. ஆனால் அது தரைமட்டம் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூட்டல் முரண்களில் தொழிலாளிக்குச் சாதகமான எண்ணே செல்லும் என்று எழுத வேண்டும். 15,000 வரம்பு போக வேண்டும். பாதுகாப்புச் சாதனம் பற்றிய விதிவிலக்கு விரலுக்கும் பொருந்தாது என்றாக வேண்டும். புதிய தொகுப்பில், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு இ.எஸ்.ஐ.யை விரிக்க வழி இருக்கிறது. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால் ஒரே ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கும் அது பொருந்தும். எண்ணெய் ரிக்கையும் போர்வெல் வண்டியையும் அந்த அறிவிப்பில் சேர்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பையும் உடன் உயர்த்தினால்தான் அனுபவமுள்ள ரிக் தொழிலாளி அதற்குள் வருவார். திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையைத் தொழிலாளர் அமைச்சகத்தின் முன் எழுத்தில் வைக்க வேண்டும்.